தூக்கிப் போடுது

கார் வீட்டு வாசலில் வந்து நின்று, எஞ்சின் சத்தமும் அடங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை. பின்னிருக்கையில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். ஓட்டிவந்த கணவர் சுற்றிவந்து கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் என்ன வாங்கவேண்டும் என்று சொல்லும் அதே குரலில் அவள் சொன்னாள்: "இனிமே நான் வரலை."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த மெஷின் என்னை ஒண்ணும் பண்ணலை. நர்ஸுங்களும் நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. போயிட்டு வர்றதுதான் முடியலை. பள்ளத்துல இறங்கறதுகூடப் பரவால்ல. இறங்கி ஏறினதும் தூக்கிப் போடுது பாருங்க, அதுல உயிர் போயிட்டு வருது."

"தூக்கிப் போடலை. இடிக்குது," என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "சரி, இடிக்குது. கையைக் கொடுங்க."

அச்சகத்தில் அவருக்குப் பெயர் காற்புள்ளி. மெய்ப்புத் திருத்துபவர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள், மிக்சிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் வரும் கையேடுகள், பள்ளிப் பாடப்புத்தகங்கள் எல்லாம் அச்சேறுமுன் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போகவேண்டும். பேனா கையில் இல்லாத நேரத்திலும் அந்த வேலை நின்றதில்லை. "இவர் முன்னாடி சண்டைகூடப் போட முடியாதுய்யா," என்பார் இயந்திரம் ஓட்டுகிறவர். "போன மாசம் நானும் பைண்டிங்காரரும் அடிதடி வரைக்கும் போயிட்டோம். இவர் நடுவுல வந்து, அது அயோக்யன் இல்ல, அயோக்கியன்னு சொல்லிட்டுப் போறார். அதுக்கப்புறம் யாருக்குக் கோபம் வரும்?"

மருந்துத் தாள்களுக்கு அச்சகத்தில் ஒரு விதி இருந்தது. அதை வகுத்தவரும் அவர்தான். எழுதிக் கொடுப்பவர்கள் குடைச்சல், குத்தல், கடுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது என்று ஏதேதோ எழுதி அனுப்புவார்கள். அத்தனையையும் அடித்துவிட்டு 'வலி' என்று போடவேண்டும். ஒரு நோவுக்கு ஒரு சொல் இருந்தால் போதும், படிப்பவர் குழம்பமாட்டார் என்பது அவர் கட்சி. வீட்டிலும் இதே கட்சிதான் ஆட்சியில் இருந்தது. அவள் ஆரம்பத்தில் சண்டை போட்டாள், பிறகு கேலி செய்தாள், அதற்கும் பிறகு சரி சரி என்று விட்டுவிட்டாள். ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் தொழில் அவளுக்கு. தையல் மெஷின் ஓடும் சத்தத்தில் பாதித் திருத்தம் அவள் காதில் விழாமலே போய்விடும்.

இப்போது அந்த மெஷின் மூடிக் கிடந்தது. அவள் முதுகெலும்பை நோய் அரித்திருந்தது. தண்டில் ஒன்றிரண்டு எலும்புகள் நொறுங்கியும் போயிருந்தன. வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கதிர்வீச்சு மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்து வரவேண்டும். படுப்பது கொஞ்ச நேரம்தான். அதற்காகப் போகிற சாலைதான் நீளம். அது சிமெண்டுப் பலகைகளை வரிசையாக அடுக்கிவைத்ததுபோல் போட்ட சாலை. பலகைக்குப் பலகை இடைவெளி உண்டு. நடுவில் வரும் பெரிய மேம்பாலத்தில் துண்டும் துண்டும் சேரும் இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு.

அவள் வரமாட்டேன் என்றதை அவர் டாக்டரம்மாவிடம் போனில் சொன்னார். டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். "ஒரு வாரம் விட்டா நான் சமாளிச்சுக்குவேன். ரெண்டு வாரம் விட்டா இதுவரைக்கும் செஞ்சது வீண். முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னா, அவங்க உடம்பு அதைத் தாங்காது. பார்த்துக்குங்க."

அவர் எல்லா வழியையும் பார்த்தார். ஆம்புலன்ஸை ஏற்கெனவே ஒருமுறை வைத்துப் பார்த்தாயிற்று. அது காரைவிட மோசம், தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதுபோல் இருந்தது. ரயிலுக்குப் போனால் ஸ்டேஷனில் நடைமேம்பாலப் படி ஏறவேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கலாம் என்றார். "செவ்வாய்க்கிழமை எப்ப வரும்னு யாரோ வீட்டுச் சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணுமா? அதைவிட என் சுவரையே பார்த்துக்கறேன்," என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். தலையணையைக் கூட்டினார். மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே அவரை ஒரு வழி செய்தார்கள்.

கடைசியில் அவளுடைய தம்பிதான் விஷயத்தைப் பிடித்தான். பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். காரின் பின்மூலையில் முழு பலத்தையும் போட்டு ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான். கார் மேலும் கீழுமாக ஆடி, அலுத்துப்போய் நின்றது.

"பார்த்தீங்களா அத்தான்? தொட்டில் மாதிரி ஆடுது. ஷாக் அப்சார்பர் செத்து எத்தனை காலமாச்சோ. மொத்தமா கழட்டிப் போட்டுட்டு காயில்ஓவர் மாட்டிடலாம். ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஒரே துண்டா வரும். உயரத்தை மாத்திக்கலாம், இறுக்கத்தை மாத்திக்கலாம். வளைவுல வண்டி சாயவே சாயாது."

"உங்கக்கா வளைவுல என்ன பண்ணப் போறா?"

"அதுக்கில்ல. ரெண்டும் சேர்ந்துதான் வரும்."

அந்தக் கடை பழைய பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. பந்தயம் விடும் பையன்கள் கூடும் இடம். சுவர் முழுக்கச் சிவப்பிலும் ஊதாவிலும் ஸ்பிரிங்குகள் தொங்கின. கடைக்காரர் கனத்த மனிதர். வாயில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சி இருக்கும். முதல் கேள்வியே அதைக் கடித்தபடி கேட்டார்: "ஓட்டுறவருக்கா, உட்கார்றவங்களுக்கா?"

"உட்கார்றவங்களுக்கு," என்றார் காற்புள்ளி. "நோயாளி. முதுகெலும்பு."

கடைக்காரர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "என்ன கம்ப்ளெயின்ட்?"

"இடிக்குது."

"பள்ளத்துல விழும்போது சுள்ளுன்னு முதுகுல ஏறுதா?"

"ஆமா. இடிக்குது."

"அப்படின்னா மிருதுவா வைக்கணும். மெலிசான ஸ்பிரிங். ஷாக்ஸ் தலையில ஒரு திருகு இருக்கும், அதையும் மிருதுப் பக்கம் விட்டுக்கலாம்."

மச்சினன் குறுக்கிட்டான். "அண்ணே, ரொம்பத் தளர்த்திட்டா வண்டி அலையாதா? கொஞ்சம் இறுக்கிப் பார்த்துட்டு..."

"வண்டியில உட்காரப் போறது உன் பார்சல் இல்ல, உங்கக்கா," என்றார் காற்புள்ளி. அவன் சுவரில் தொங்கிய ஸ்பிரிங்குகள் பக்கம் நகர்ந்தான்.

கடைக்காரர் ஒரு விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தார். எந்த மொழியிலிருந்தோ யாரோ அவசரத்தில் தமிழாக்கியது. 'அதிகபட்ச ஆறுதல், அதிகபட்ச கையாளுதல்' என்றிருந்தது. சொகுசு என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆறுதல். அவர் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. அடித்துவிட்டு 'சொகுசு' என்று எழுதினார். பிறகு அந்தத் தாளிலிருந்த எல்லாவற்றிலும் மிக மெலிந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து, நான்கு சக்கரத்துக்கும் திருகைக் கடைசிவரை மிருதுப் பக்கம் திருப்பச் சொன்னார். இறுக்கம் என்ற சொல்லே அவருக்கு அவள் கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்களைத்தான் நினைவூட்டியது.

செவ்வாய்க்கிழமை தெருவைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. தெருமுனை வேகத்தடையைக் கார் வெண்ணெய்போல் ஏறி இறங்கியது. "படகுல போற மாதிரி இருக்கு," என்றாள் அவள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சிமெண்டுச் சாலை வந்ததும் படகு நிஜமாகவே படகானது. ஒரு பலகையின் ஆட்டம் நிற்பதற்குள் அடுத்த பலகை வந்தது. அவள் ஜன்னலைத் திறந்தாள். அவர் ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். அவர் துடைத்துவிட்டார், தண்ணீர் கொடுத்தார், இன்னும் கொஞ்சதூரம்தான் என்று பொய் சொன்னார். மேம்பாலத்தின் முதல் இணைப்பில் கார் குழைந்து அடிவரை அமுங்கி, முட்டி, அங்கிருந்து மொத்தமாக மேலே எழும்பியது.

கத்தி அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பிரசவத்தில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டவள் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவள் கத்திய சத்தம் மூடிய காருக்குள் எங்கும் போக வழியில்லாமல் அவர் காதிலேயே தங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தி, ஊர்ந்தபடி பின்னால் இறக்கி, அவர் வண்டியைத் திருப்பினார். டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வாரம் அப்படித்தான் போனது.

மறுநாள் அவர் கடை வாசலில் போய் நின்றார். அச்சகத்திலிருந்து நேராக வந்திருந்தார். காலையில் பார்த்த ஒரு மருந்துத் தாளில் 'வேளைக்கு' என்பது 'வேலைக்கு' என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். இயந்திரம் ஓட்டுகிறவர் அதைக் கண்டுபிடித்துத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"இன்னும் மிருதுவா வைங்க," என்றார் கடைக்காரரிடம்.

"திருப்பறதுக்கு இடமே இல்ல சார். கடைசியில நிக்குது. இதுக்கு மேல மிருதுன்னா நாலு பேர் தோள்ல தூக்கிட்டுத்தான்..." கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. வாய் கூலி வாங்காம வேலை செய்யுது."

காற்புள்ளி அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். பேன்ட்டில் கரி படிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அடுத்த செவ்வாய்தான் இருக்கு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு. எதையாவது பண்ணுங்க. என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன்."

கடைக்காரர் அவர் எதிரில் இன்னொரு டயரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவங்க என்ன சொன்னாங்க?"

"இடிக்குதுன்னு..."

"அது நீங்க சொன்னது. அவங்க வாயில என்ன வார்த்தை வந்துச்சு?"

அவர் நினைத்துப் பார்த்தார். வாசலில் கார் நின்றது, எதிர்வீட்டுக்காரரின் செடி, கைப்பிடி எல்லாம் நினைவுக்கு வந்தன. அவள் ஏதோ சொன்னாள், இவர் அதைச் சரிசெய்தார். சரிசெய்த சொல் மட்டும்தான் மிச்சமிருந்தது. அடித்த சொல்லைக் காணோம். மெய்ப்பில் அடித்த சொல்கூட மைக்குக் கீழே தெரியும்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே அவள் கட்டில் பக்கம் போய் நின்றார்.

"அன்னைக்கு என்ன சொன்ன?"

"என்னைக்கு?"

"வாசல்ல, வண்டியில."

"நீங்கதான் திருத்திட்டீங்களே."

"திருத்தறதுக்கு முன்னாடி."

அவள் முகத்தை மெதுவாக இவர் பக்கம் திருப்பினாள். திரும்புவதற்கே கொஞ்சநேரம் பிடித்தது. "தூக்கிப் போடுதுன்னு சொன்னேன். இப்ப அதுல என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க?"

அவர் அப்படியே கடைக்காரருக்குப் போன் போட்டு, தான் பேசாமல் அதை அவள் காதில் வைத்தார். ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"அம்மா, இடிக்குதா, தூக்குதா?" என்று கடைக்காரர் குரல் கேட்டது.

"இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும் தம்பி. இடி ஒரு தடவை, பல்லைக் கடிச்சுக்கலாம். அப்புறம் மேல தூக்கி, கீழ போட்டு, மறுபடி தூக்குது. அப்ப இடுப்பு ஒரு பக்கம் போகுது, முதுகு ஒரு பக்கம் நிக்குது. பழைய ஷாக்ஸ்லயும் இதேதான். நீங்க மாட்டினது இன்னும் அதிகமாத் தூக்குது."

அந்தப் பக்கம் குச்சியைத் துப்பும் சத்தம் கேட்டது. "இதை என்கிட்ட யாருமே சொல்லலியேம்மா."

"சொல்றதுக்கு வீட்டுல ஆள் வச்சிருக்கேன். அவர் சுத்தத் தமிழ்ல மாத்திச் சொல்லிட்டார்."

கடைக்காரர் சிரிப்பை இருமலாக்கினார். "இது எதிர்ப்பக்கம் போகவேண்டிய கேஸும்மா. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கெட்டியாக்கி, திருகை இறுக்கணும். அமுங்கின ஸ்பிரிங்கு திரும்பி எழும்பும்போது அதைப் பிடிச்சு நிறுத்தற வேலைதான் ஷாக்ஸுக்கு. நாம அது கையைக் கட்டிப் போட்டுட்டோம்."

"தையல்ல நூலைத் தளர்த்தி விட்டா துணிக்கு அடியில கொக்கி கொக்கியாத் தொங்கும். அது மாதிரிதானே?"

"அதேதாம்மா. ரொம்ப இறுக்கினா துணி சுருங்கும். நடுவுல எங்கயோ இருக்கு."

"அந்த எங்கயோவைக் கண்டுபிடிக்க நான் வரமாட்டேன்," என்றாள் அவள். போனைக் கையால் தள்ளிவிட்டாள். "ஒரு தடவை செஞ்ச சோதனை போதும்."

அதனால் சோதனைக்கு அவர் உட்கார்ந்தார். கடைக்காரர் ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன், இருக்கிறபடியே ஒருமுறை பாலத்துக்குப் போய்வரலாம் என்று மச்சினன்தான் சொன்னான். அவன் ஓட்டினான். அவர் பின்னிருக்கையில், அதே தலையணைகளுக்கு நடுவே, அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை.

இணைப்பு வந்தது. கார் இறங்கியது, முட்டியது. இடி பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி எடுத்தது. தலை கூரையில் உரசியது. கீழே வந்து உட்காருவதற்குள் மறுபடி பிடுங்கியது. வயிறு தனியாக மிதந்தது.

"அத்தான், சரியா இருக்கீங்களா?"

"தூக்கிப் போடுது," என்றார் அவர்.

"ஆமா அத்தான்."

"தூக்கிப் போடுதுடா." மச்சினன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்க்கத் தொடங்கினான்.

கெட்டியான ஸ்பிரிங்கோடு மறுபடி போனார்கள். திருகை முழுக்க இறுக்கியபோது சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவர் வேண்டாம் என்றார். பாதி தளர்த்தியபோது தூக்கல் திரும்பவும் எட்டிப்பார்த்தது. கடைக்காரர் தானே கூட வந்து, ஓரத்தில் நிறுத்தி நிறுத்தி, சின்னச் சாவியால் திருகினார். பாலத்துக் காவலர் ஒருவர் வந்து எதற்காக இந்தப் பாலத்தின்மேல் இத்தனை ஆசை என்று விசாரித்துவிட்டுப் போனார். பொழுது சாயும்போது ஓர் இடத்தில் திருகு நின்றது. இணைப்பு வந்தால் ஒரு குத்து, பிறகு கார் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது. கூடவே, மச்சினன் சொன்னதுபோல், வளைவில் சாய்வதும் நின்றிருந்தது.

ஆனால் அவருக்கு முதுகெலும்பு முழுசாக இருந்தது. அந்த ஒரு குத்து நொறுங்கிய எலும்பில் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கடையிலிருந்த எந்தச் சாவியும் சொல்லவில்லை. "குத்து இருக்கே," என்றார் திரும்பத் திரும்ப. "குத்து இல்லாத வண்டி கிடையாது சார்," என்றார் கடைக்காரர். "பல்லைக் கடிச்சுக்கறேன்னு அவங்களே சொன்னாங்க. இதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல."

செவ்வாய்க்கிழமை காலை அவள் உடுத்திக்கொண்டு வாசல்வரை வந்தாள். கார்க்கதவு திறந்திருந்தது. அவள் ஏறாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரர் செடியிடம் வந்துவிட்டார்.

"பாலத்துக்கு முன்னாடி நிறுத்துங்க," என்றாள். "நான் வேணாம்னா திருப்பிடணும். ஏன்னு கேட்கக்கூடாது."

"சரி."

"கேட்க மாட்டீங்களே?"

"கேட்க மாட்டேன்."

தெருமுனை வேகத்தடை இந்தமுறை வெண்ணெயாக இல்லை. தெருமுனை வேகத்தடை இந்தமுறை வெண்ணெயாக இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கு என்ன பொருள் என்று தெரியாமல் அவர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவள் முகம் தெரியவில்லை, கைப்பிடியைப் பற்றிய கை மட்டும் தெரிந்தது.

பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் ஓரங்கட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் போகலாம் என்றால் அத்தோடு முடிந்தது. போகலாம் என்று சொல்லி, பாலத்தின்மேல் மறுபடி கத்தினாலும் முடிந்தது. எதற்காக வேண்டிக்கொள்வது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காரை உலுக்கிவிட்டுப் போயின.

"போங்க," என்றாள்.

கார் பாலத்தில் ஏறியது. இணைப்பின் கறுப்புக்கோடு கிட்டே வந்தது, காருக்கு அடியில் போனது. ஒரு குத்து.

அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. கத்தலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"சுருக்குன்னுச்சு," என்றாள் அவள். கொஞ்சதூரம் போனபிறகு, "ஒரு தடவைதான்."

அவள் குரலில் கண்ணீர் இருந்ததா என்று அவரால் சொல்லமுடியவில்லை. அச்சகத்தில் மூலப்படியை உரக்கப் படித்து ஒப்பிடுவதுபோல் அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்: "சுருக்குன்னுச்சு. ஒரு தடவைதான்."

"ஆமா," என்றாள். "இன்னும் எத்தனை இணைப்பு இருக்கு?"

அடுத்த கறுப்புக்கோடு தெரிந்துவிட்டது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"வருது," என்றார். "பிடிச்சுக்க."